எடுத்துக்கொள்ளலாம்

மார்ச் 3, செவ்வாய்

வாஷிங் மெஷின் கையேடு முடிந்தது. பதினாறு பக்கம். 'குழந்தைகளை இயந்திரத்தின் உள்ளே அனுமதிக்க வேண்டாம்' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார் மேலாளர். எந்தக் குழந்தை அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஐந்து வருடம் இலக்கியம் படித்தேன். இப்போது வீட்டுச் சாமான்களுக்கு உபயோகக் குறிப்பு எழுதுகிறேன். சரி. புலம்பல் போதும்.

ஆறு மணிக்கு அம்மா வீடு. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். முப்பத்திரண்டு வருடம் இருந்த வாடகை வீடு. அப்பா போய்ப் பதினோரு மாதம். அம்மா ஒரு பெண்கள் விடுதியில் அறை பார்த்துவிட்டாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு அலமாரி. என்னைக் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

"பொருளையெல்லாம் என்னம்மா பண்றது?"

"போகட்டும்."

பால் பொங்கி வழிந்தால்கூட இதைவிட அதிகம் வருத்தப்படுவாள்.

மார்ச் 5, வியாழன்

மாடிப்படியின் கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், எங்கள் இஸ்திரிப் பெட்டி தரையில் உட்கார்ந்திருந்தது. மேலே டேப் ஒட்டிய தாள். அம்மாவின் கையெழுத்து.

'எடுத்துக்கொள்ளலாம். நன்றாக வேலை செய்கிறது. ஒயரை வலது பக்கம் வளைத்துப் பிடிக்கவும். இடது பக்கம் வளைத்தால் அணைந்துவிடும்.'

எனக்குச் சம்பளம் கொடுத்து எழுத வைப்பது இதைத்தான். அம்மா ஓசியில் எழுதுகிறாள். என்னைவிட நன்றாக.

அது வந்த நாள் நினைவிருக்கிறது. எனக்கு ஏழு வயது. அப்பா அட்டைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் கை தட்டினேன். எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வந்தாலும் நான்தான் கை தட்டுவேன்.

எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தாய் வேண்டாம் என்று வைத்ததை மகள் எடுத்தால் அது திருட்டா? மேலே போய்க் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். "உனக்கெதுக்குடி?" என்றும் கேட்டிருப்பாள்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் அம்மா ஃபோன். "இஸ்திரிப் பெட்டி போயிடுச்சுடி! வெச்ச அன்னைக்கே! யாருக்கோ தேவைப்பட்டிருக்கு பாரேன்."

குரலில் ஒரு துள்ளல். பதினோரு மாதமாகக் கேட்காதது. பதினோரு மாதம்தானா? அதற்கு முன்னால் எப்போது கேட்டேன்?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

முழு நாளும் அம்மா வீட்டில். கட்டிலும் பீரோவும் அடுத்துக் குடி வருகிறவர்களுக்கே என்று பேசி முடித்துவிட்டாளாம். நான் ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, "இதையாவது வெச்சுக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"எங்க வைக்கிறது? தலையிலயா?"

"உனக்கு ஒண்ணுமே தோணலையாம்மா? இந்த மிக்ஸி, இந்த விசிறி..."

"நீ தொட்டுப் பாக்குற. நான் கழுவித் துடைச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எப்படித் தோணும்?"

கோபம். எங்கள் வீட்டை இவ்வளவு லேசாகக் கழற்றிப் போடுகிறாளே என்று. அப்பா வாங்கியது ஒன்றுகூடவா வேண்டாம்?

சாயங்காலம் கீழே சுவர்க்கடிகாரம். 'எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் வேகமாக வைத்திருக்கிறது. அது என் கணவரின் விருப்பம். நீங்கள் சரியாக்கிக்கொள்ளலாம்.'

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கீழ்வீட்டு மாமா. நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைக் கணக்கெடுப்பவர். அவருக்கு நானும் அப்பாவும் வைத்த பெயர் சிசிடிவி.

"என்ன தபால்காரி, மணி என்ன ஆச்சு?" என்றார் கடிகாரத்தைப் பார்த்து.

"அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டு மாமா."

சிரித்தார். தபால்காரி என்பது அப்பா எனக்கு வைத்த பெயர். கட்டடம் முழுக்கப் பரவியது.

மார்ச் 11, புதன்

மேசை விசிறி. தாளில் வழக்கமான குறிப்பு (மூன்றாம் எண்ணில் வைக்க வேண்டாம், தலை ஆடும்). கீழே தனியாக: 'இருபத்தாறு நாள்.'

என்ன இருபத்தாறு நாள்?

மார்ச் 12, வியாழன்

மிக்ஸி. 'பதினாலு நாள்.'

மார்ச் 14, சனி

ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூசுகிறது.

நேற்று மடக்கு நாற்காலியின் தாளில் அம்மா கேட்டிருந்தாள்: 'எல்லாவற்றையும் எடுப்பது ஒரே ஆள்தானா? புதுக் குடித்தனமா? நன்றாக இருங்கள்.'

இன்று இடது கையால், கோணல் எழுத்தில் ஒரு சீட்டு எழுதித் தபால் பெட்டிக்கு மேல் ஒட்டிவிட்டு வந்தேன். 'ஒரே ஆள்தான். எல்லாம் உபயோகமாக இருக்கிறது. ரொம்ப நன்றி.'

எதற்கு? அவள் சந்தோஷத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை வேறு. தாள்கள் நின்றுவிடக் கூடாது. அம்மா இருபத்தேழு வருடத்தில் என்னிடம் பேசாததைத் தரையில் வைத்த சாமான்களின் மேல் ஒட்டுகிறாள். எனக்கு அது வேண்டும்.

தாள்களை இந்த நோட்டிலேயே ஒட்டி வைக்கிறேன். இதுவரை ஐந்து.

மார்ச் 15, ஞாயிறு

கதவைத் திறந்ததும் சீட்டைக் காட்டினாள். பர்ஸில் மடித்து வைத்திருந்தாள்.

"பாரு. பாவம், எழுத்தே சரியா வரல. படிக்காத பொண்ணு போல."

"பொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"ஆம்பளை எவன்டி மிக்ஸிக்கு நன்றி சொல்லுவான்?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தையல் மெஷின். கையால் சுற்றுவது, மரப் பெட்டியோடு. தாள் ஒன்று இல்லை, இரண்டு. முன்னும் பின்னும்.

'நீங்கள் யாரோ. அதனால் எழுதுகிறேன். நாள் கணக்கு என்னவென்று யோசித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் இருக்காது. பேச்சு நின்றுவிடும். என் கணவர் என்னோடு பேசமாட்டார். மகளோடு பேசுவார், சிரிப்பார், விளையாடுவார். என்னோடு மட்டும் இல்லை. நான் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஏதாவது ஒரு சாமான் வாங்கிக்கொண்டு வருவார். பேச்சு திரும்ப ஆரம்பம் என்று அர்த்தம். என்ன தவறு, யார் தவறு என்ற பேச்சே வராது. சாமான் வந்துவிட்டது, முடிந்தது. இந்த வீட்டில் கரண்டி முதல் பீரோ வரை நான் தேர்ந்தெடுத்தது ஒன்றும் இல்லை. தையல் மெஷின் முப்பத்து மூன்று நாள். எனக்குத் தைக்கத் தெரியாது. ஊசியைப் போடும்போது தட்டையான பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார்.'

படியிலேயே உட்கார்ந்து படித்தேன். சிசிடிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, புதன்

வேலைக்குப் போகவில்லை.

தபால்காரி. ஏன் அந்தப் பெயர்? இத்தனை வருடம் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அப்பா ஹாலில் இருப்பார். "தபால்காரி, அம்மாகிட்ட டீ கேளு." நான் ஓடுவேன். "அம்மா, அப்பா டீ கேக்குறாரு." அம்மா சொல்வாள், "பால் இல்லைன்னு சொல்லு." திரும்ப ஓடுவேன். அப்பா ஒவ்வொரு தபாலுக்கும் என் நெற்றியில் கட்டைவிரலால் முத்திரை குத்துவார். டப். எவ்வளவு சிரித்திருக்கிறேன்! விளையாட்டு என்று நினைத்தேன். சில சமயம் அந்த விளையாட்டு நாள்கணக்கில் நடக்கும். அவையே என் சிறு வயதின் மிக நல்ல நாட்கள்.

பிறகு அட்டைப் பெட்டி வரும். நான் கை தட்டுவேன்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி நான் தட்டுவதைப் பார்ப்பாள். அவள் முகம் எப்படி இருந்தது? எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை. பெட்டி வருகிறது, தெர்மோகோல் வருகிறது, புதுப் பொருளின் வாசனைகூட வருகிறது.

மார்ச் 19, வியாழன்

மிக்ஸி ஜாரின் மூடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல: "அப்பா நல்லவர்தானேம்மா?"

"நல்லவர்தான். யாரு இல்லைன்னா?"

அவ்வளவுதான். ஜாடி ஒன்றைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். யாரோ ஒருத்திக்கு இரண்டு தாள், முன்னும் பின்னும். எனக்கு மூன்று சொல்.

(மேலே தவறாக எழுதிவிட்டேன். மிக்ஸி என் அறையில் இருக்கிறது. காகிதத்தில் சுற்றியது ஊறுகாய் ஜாடி மூடி. எது எந்த வீட்டில் என்பதே குழம்ப ஆரம்பித்துவிட்டது.)

மார்ச் 21, சனி

என் அறை பத்துக்குப் பன்னிரண்டு. கட்டிலுக்குப் போக மடக்கு நாற்காலியைத் தாண்ட வேண்டும். தையல் மெஷின் மேல் விசிறி, விசிறிக்கு மேல் கடிகாரம். ஐந்து நிமிடம் வேகமாகவே ஓடுகிறது. மாற்றவில்லை. கை போகவில்லை.

எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் எடுக்கிறேன்? தெரிந்த பிறகு இவை வேறு பொருள்களாகிவிட வேண்டாமா? விசிறியைப் போட்டால் காற்று வருகிறது. அதே காற்று. அப்பா மடியில் நான். அதுதான் வருகிறது. என்ன ஜென்மம் நான்!

மார்ச் 22, ஞாயிறு

ரேடியோ. தாளை அப்படியே பிரதி எடுக்கிறேன்.

'இது கடைசி. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. போகிறேன் என்றேன். நாற்பத்தொரு நாள். போகவில்லை. இது வந்தது. என் மகளுக்கு அன்று ஒரே குஷி, சத்தமாக வைத்து ஆடினாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா செல்லம். தெரியவும் வேண்டாம். அவளுக்காவது அது நல்ல வீடாக இருக்கட்டும். பாட்டரி போடும்போது நடுவில் இருப்பதைத் தலைகீழாகப் போடவும். இவ்வளவு நாள் என் சாமான்களை எடுத்ததற்கு நன்றி. உங்கள் பெயர்கூடத் தெரியாது. தெரியாததுதான் நல்லது.'

இதற்கு என்ன பதில் எழுதுவது? இடது கையாலா?

எழுதவில்லை. ரேடியோவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

காலை எட்டு மணி. கதவைத் தட்டும் சத்தம். அம்மா.

நான்கு தெரு நடந்து, அந்த முட்டியோடு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் பார்த்தாள். ஒவ்வொன்றாக. கடிகாரத்தைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கீழ்வீட்டுக்காரர் கேட்டாரு. உங்க தபால்காரி இன்னைக்கு என்ன தூக்கிட்டுப் போகப் போறான்னு. நான் அவரைத் திட்டிட்டு வந்தேன்டி. எம் பொண்ணு அப்படிப் பண்ணமாட்டான்னு."

"அம்மா, உள்ள வாம்மா."

"அந்தச் சீட்டு?"

"நான்தான்."

"இடது கையிலயா?"

தலையாட்டினேன்.

"நான் உனக்கு எழுதலடி." சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். "எனக்குன்னு யாரோ ஒருத்தி இருந்தா. இருபது நாள். முப்பத்திரண்டு வருஷத்துல இருபது நாள். அவளையும் நீ எடுத்துக்கிட்ட."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. நான் கேட்டேனே..."

"உங்கிட்ட எதைச் சொன்னாலும் நீ ஹாலுக்கு ஓடுவ."

சின்னக் குழந்தையம்மா அப்போ நான்! எனக்கு என்ன தெரியும்! — இதை நான் கத்தினேனா, நினைத்தேனா? கத்தினேன். பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள்.

அம்மா கையை நீட்டினாள். "தாளைக் குடு."

நோட்டிலிருந்து பிய்த்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும். எண்ணிப் பார்த்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். இந்த நோட்டில் இப்போது கோந்துக் கறையும் நான் பிரதி எடுத்ததும்தான் மிச்சம்.

மார்ச் 27, வெள்ளி

அம்மா ஃபோனை எடுக்கவில்லை. மூன்றாவது நாள்.

எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

ஏழாவது நாள். இன்று அவள் மாறும் நாள். மதியம் ஓடிப் போனேன். வீட்டுக்குப் பூட்டு. சிசிடிவி ஜன்னலைச் சாத்த முயன்றார். பிறகு மனம் பொறுக்காமல் திறந்தார்.

"காலையிலயே போயிட்டாங்கம்மா. ஒரே பை. நான் தூக்கிட்டு வரேன்னேன், வேண்டான்னுட்டாங்க. எம்மேல கோவமா?"

"இல்ல மாமா."

"நான் சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன்."

எல்லோருமே விளையாட்டுக்குத்தான்.

இரண்டாம் மாடிக்குப் போய்ச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன். ஹாலில் வெறும் தரை.

ஏப்ரல் 5, ஞாயிறு

பன்னிரண்டு. பேசாமல் இருப்பதை அப்பாவிடமிருந்து கற்றாளா, அவளுடையதேயா? எதுவாக இருந்தாலும் நன்றாகவே செய்கிறாள். நான் யாரை அனுப்புவது? என் வீட்டில் தபால்காரி இல்லை.

சாமான்களையெல்லாம் என் கட்டடத்தின் படியடியில் இறக்கி வைத்தேன். ஆறு நடை. 'எடுத்துக்கொள்ளலாம்' என்று மட்டும் எழுதினேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒருவரும் எடுக்கவில்லை. தாளை மட்டும் யாரோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏதாவது கணக்குப் போட இருக்கும்.

ஏப்ரல் 9, வியாழன்

வேறு தாள்கள் எழுதினேன். முழுக் குறிப்புகளோடு. ஐந்து வருட அனுபவம். பாதுகாப்பு எச்சரிக்கைகூடப் போட்டேன். நின்று படிக்கிறார்கள். போய்விடுகிறார்கள்.

அப்படியானால் அம்மா வைத்தபோதும் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். நான் எடுக்காவிட்டால் அந்த இஸ்திரிப் பெட்டி அங்கேயே கிடந்திருக்கும். அவள் இரண்டாவது தாளே எழுதியிருக்கமாட்டாள். இது எனக்கு ஆறுதலா? ஆறுதல் தேடுவதைப் பார்.

வீட்டுக்காரர் ஃபோன்: "இது என்ன குடோனா? ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுக்கணும்."

ஏப்ரல் 12, ஞாயிறு

பத்தொன்பது.

பழைய சாமான்காரரைக் கூப்பிட்டேன். ஒல்லியான மனிதர், காதில் பென்சில்.

"வீடு காலி பண்றீங்களா?"

"இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

"சாமான் காலி பண்ணுது, ஆளு இருக்குது. நல்லதுதான், நெறைய பேரு தலைகீழாப் பண்றாங்க."

ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். கடிகாரம், விசிறி, மிக்ஸி, நாற்காலி, மெஷின். ரேடியோவைத் தூக்கியபோது என் கை தானாக நீண்டது. அவர் காத்திருந்தார். கையை இழுத்துக்கொண்டேன். என்ன எடை என்று பார்க்கவில்லை.

இஸ்திரிப் பெட்டியைப் படியடி பிளக்கில் மாட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. "இது போயிடுச்சு. இரும்புக்கு ஆகும்."

"ஒயரை வலது பக்கம் வளைச்சுப் பிடிங்க."

வளைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அட! இடது பக்கம்?"

"அணைஞ்சுடும்."

இருமுறை வளைத்துப் பார்த்தார், சிறு பிள்ளை மாதிரி. "எங்க வீட்ல இல்ல. இதை நானே வெச்சுக்குறேன்." தராசில் போடாமல் வண்டியின் முன்னால், தன் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வண்டி திரும்பும் வரை நின்றேன். அழவில்லை. அறைக்கு வந்து, இல்லாத நாற்காலியைத் தாண்டிக் கட்டிலுக்குப் போனேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இருபத்தேழு. விசிறியைத் தாண்டிவிட்டாள்.

ஏப்ரல் 25, சனி

நாளை எப்படியும் போய்விடுவது என்று முடிவு. அலுவலகம் விட்டதும் பாத்திரக் கடைக்குப் போனேன். எலக்ட்ரிக் கெட்டில் ஒன்று. நானே கையேடு எழுதிய மாடல். விடுதி அறைக்கு உதவுமே. பில் போடச் சொன்னேன். கடைப் பையன் அட்டைப் பெட்டியைக் கவுண்டரில் வைத்து, "கிஃப்ட்டாக்கா? பேப்பர் சுத்தணுமா?" என்றான்.

பெட்டியைப் பார்த்தேன்.

முப்பத்திரண்டு நாள்.

"வேண்டாம்" என்றேன். "பேப்பரா?" என்றான். "கெட்டில்" என்றேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வெறும் கையோடு போனேன்.

முதல் மாடி, கடைசி அறை. கதவைத் திறந்ததும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள், பை இருக்கிறதா என்று.

"ஒண்ணும் கொண்டுவரலையா?"

"இல்ல."

நகர்ந்து வழிவிட்டாள்.

கட்டில், நாற்காலி, அலமாரி. சுவரில் ஆணிகூட இல்லை. அலமாரியில் நான்கு புடவை, பர்ஸ், ஒரு டம்ளர். நீல நிறத்தில், பக்கவாட்டில் கோடு போட்டது. முன்பு எங்கும் பார்த்ததில்லை. அவள் வாங்கியதாக இருக்கும். கேட்கவில்லை. என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் கட்டிலில். வெகுநேரம் பேச்சில்லை. எனக்கு அந்த மௌனம் புதிது. அவளுக்கு இல்லை.

"மன்னிச்சுடும்மா."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன். இஸ்திரிப் பெட்டி மட்டும் அவரே வீட்டுக்கு எடுத்துக்கிட்டாரு."

திரும்பினாள். "ஒயரைச் சொன்னியா?"

"சொன்னேன். வலது பக்கம்."

"ம்."

விடுதி ஃபிளாஸ்க்கில் கீழிருந்து டீ வாங்கி வந்தாள். அந்த நீல டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணுதான் இருக்கு. குடிச்சுட்டுக் கழுவிக் குடு. நான் அப்புறம் குடிக்கிறேன்."

இன்னொன்று வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

டீ சூடாக இருந்தது. அவள் காத்திருக்கிறாளே என்று வேகமாகக் குடித்தேன். நாக்கு வெந்தது. தாழ்வாரக் குழாயில் டம்ளரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். விளிம்பு, அடி, உள்பக்கம். துடைக்கத் துணி இல்லை. துப்பட்டாவில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். திரும்ப என்னிடம் நீட்டினாள்.

"அடியில சோப்பு இருக்கு."